கத்திரி வெயிலில் உங்கள் தோட்டம்: எது காய்க்கிறது, எது முரண்டு பிடிக்கிறது?

மாடிவாசி (குரோம்பேட்டை), மே 14, காலை 7.10

மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கியது. 28 வரை இருக்கிறது. எல்லார் தோட்டத்திலும் என்ன நிலவரம் என்று கேட்கத்தான் இந்த இழை. படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் நாலு வரி எழுதுங்கள்.

முதலில் நல்ல செய்தி. மாசியில் போட்ட அர்கா அனாமிகா வெண்டை இப்போது மார்பு உயரம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறேன். இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட்டால் நுனியை ஒடித்துப் பார்த்தால் ஒடியாது, வளையும். அது குழம்புக்கும் ஆகாது. ஒரு பறிப்புக்குக் கால் கிலோ வருகிறது. கொத்தவரைக்கு வெயில் ஏற ஏறக் குஷி. தண்டுக்கீரை கேட்கவே வேண்டாம், வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

தக்காளிதான் வயிற்றெரிச்சல். பெரியகுளம் பிகேஎம் 1. செடி பச்சையாக, ஆளைப் போல நிற்கிறது. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பூத்த மூன்றாம் நாள் காம்பின் நடுவில் இருக்கும் முட்டி மஞ்சளாகிறது. விரல் பட்டால் போதும், அந்த இடத்தில் கழன்று விழுகிறது. காலையில் மாடியில் செடி வளர்க்கும் பையைச் சுற்றித் தரையெல்லாம் மஞ்சள் பூ. தப்பித்த நாலைந்து காயும் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்கிறது.

பந்தலில் ஒரு சுரைக்கொடி. பெண் பூ வருகிறது, கட்டைவிரல் அளவு பிஞ்சு வருகிறது, அப்புறம் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. இதுவும் வெயில்தானா?

தக்காளியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடலாமா என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 14, இரவு 8.45

பிடுங்காதீங்க சார். செடிக்கு நோய் எதுவும் இல்லை, அதற்குச் சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். தக்காளிக்கு ராத்திரிச் சூடும் அதே அளவு முக்கியம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். ராத்திரி 24-க்குக் கீழே இறங்காவிட்டால் கருப்பிடிப்பது இன்னும் குறையும். உங்கள் ஊரில் மே மாத ராத்திரி 28 டிகிரியில் நிற்கிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை விடிய விடிய வெளியே விடுகிறது. அதன் மேல்தான் உங்கள் பை உட்கார்ந்திருக்கிறது. செடிக்கு ராத்திரியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு நிறத்துக்கும் அதே காரணம். சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் தங்கிவிடும். செங்காயாக, அடிப்பக்கம் லேசாக நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம். ஓரளவு சிவக்கும்.

செய்யக்கூடியது: பையைத் தரையிலிருந்து தூக்குங்கள், இரண்டு செங்கல் போதும், அடியில் காற்று ஓட வேண்டும். மண் தெரியாமல் காய்ந்த சருகு மூடாக்கு நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். இப்போது உரம் கொட்டாதீர்கள். யூரியா மட்டுமில்லை, மீன் அமிலம்கூட வேண்டாம், இலைதான் கிளம்பும். செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும். ராத்திரி இறங்கினதும் தானாகப் பிடிக்கும்.

எங்கள் பக்கம் மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். பந்தலைப் பிய்த்துப் போடும் என்றாலும் தக்காளிக்கு அதுதான் மருந்து.

---

கீரைக்கட்டு (மதுரை), மே 15, காலை 6.20

தம்பி, சுரைக்கு வெயில் காரணமில்லை. நீங்கள் எத்தனை மணிக்கு மாடிக்குப் போகிறீர்கள்?

சுரைப் பூ வெள்ளை. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு மேல்தான் விரியும், மறுநாள் வெயில் ஏறும்போது வாடிவிடும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. நாலாவது மாடிக்கு அந்துப்பூச்சி எங்கே வரப்போகிறது? விளக்கு வைக்கிற நேரத்தில் போய், நீளக்காம்பில் நிற்கும் ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பிஞ்சோடு இருக்கும் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூவால் இரண்டு பெண் பூவுக்குத் தடவலாம். இரண்டு மூன்று நாளில் பிஞ்சின் காம்பு தடித்துத் தலை தொங்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பீர்க்கங்காயும் சாயங்காலப் பூதான். புடலை இருட்டினபின். பாகலும் பூசணியும் விடியற்காலை. பூசணிக்கு வெயில் ஏறினபிறகு போனால் பூ மூடியிருக்கும். இந்த நேரம் தெரியாமல் நிறையப் பேர் உரம் உரமாகக் கொட்டுகிறார்கள்.

என் வீட்டுக் கணக்கு: பாகல் நன்றாக வருகிறது, ஆனால் பழ ஈ தொந்தரவு. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மாட்டி மேலே ஒரு நூல் கட்டிவிடுகிறேன். ஈ முட்டை வைக்க முடியாது. பசலைக்கொடி, பொன்னாங்கண்ணி இரண்டும் தொட்டி ஓரத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கொத்தமல்லி மட்டும் விதைத்த வேகத்தில் பூத்துவிட்டது. இந்த மாசத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது. முருங்கை தெருவுக்கே கொடுக்கிறேன்.

---

பச்சைமிளகாய்23 (திருச்சி), மே 15, மதியம் 1.30

எல்லாருக்கும் வணக்கம். போன டிசம்பரில்தான் தொடங்கினேன், இது எனக்கு முதல் கோடை. இரண்டு சந்தேகம்.

ஒன்று, அவரை. பொங்கலுக்கு அப்புறம் பாட்டி கொடுத்த விதை. கொடி கைப்பிடிச் சுவர் முழுக்க ஏறிவிட்டது. ஒரு பூகூட இல்லை.

இரண்டு, மிளகாய். இலையெல்லாம் சுருண்டுகொண்டது. வேப்ப எண்ணெய் அடிக்கச் சொல்கிறார்கள். இந்த வெயிலில் அடிக்கலாமா?

---

கீரைக்கட்டு (மதுரை), மே 15, மாலை 4.50

பாப்பா, பாட்டி கொடுத்தது பந்தல் அவரையாக இருக்கும். அது ஆடியில் போட்டு மார்கழி, தையில் காய் பறிக்கிற ஜாதி. பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். இப்போது பகல் நீளம். நீ தலைகீழாக நின்றாலும் பூ வராது. கொடியைக் கொஞ்சம் கழித்துவிட்டு வைத்திரு, இல்லையென்றால் எடுத்துவிட்டு ஆடியில் புதிதாகப் போடு. வருஷம் முழுக்கக் காய் வேண்டும் என்றால் செடி அவரை விதை வாங்கு, அது பொழுதைப் பார்க்காது.

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 15, இரவு 9.15

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்க.

ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் கொழுந்தைத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் நூல்துண்டு போல ஓடும். கீழ்நோக்கி வளைந்து, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து தடித்துப் போயிருந்தால் மஞ்சள் சிலந்தி. அது கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தும் வரும்.

வேப்ப எண்ணெய் அடிக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. ஆனால் வெயில் முழுக்க இறங்கினபின் மட்டும். பகலில் எண்ணெய் பட்டால் இலை பொரிந்துவிடும். முதல் நாள் ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மீதி. கந்தகத் தூள் யாராவது சொன்னால் இந்த மாசம் தொடாதீர்கள், அதுவும் இலையைச் சுடும்.

அதற்கெல்லாம் முன்னால் வெறும் தண்ணீர். காலையில் ஹோஸ் பைப்பில் விரலை வைத்து அழுத்தி இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள். வறண்ட சூட்டில்தான் இலைப்பேன் பெருகும், ஈரம் அதற்கு ஆகாது. கத்திரிச் செடியில் இலை அடியில் மெல்லிய நூலாம்படை கட்டும் சிவப்புச் சிலந்திக்கும் இதேதான்.

---

பச்சைமிளகாய்23 (திருச்சி), மே 16, காலை 7.05

மேல்நோக்கித்தான் அண்ணா. தாளில் தட்டினேன், ஓடுகிறது! ரொம்ப நன்றி.

---

கணக்கு_வாத்தியார் (வேலூர்), மே 16, காலை 10.20

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கால் கிலோ வெண்டைக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர், நிழல்வலை, பை, தேங்காய் நார்க்கழிவு. கோடையில் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். உழவர் சந்தையில் போய் வாங்கி வந்தால் ஆகாதா? நானும் பத்துப் பை வைத்திருக்கிறேன், வைக்காதவன் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் இந்த இரண்டு மாசம் மட்டும் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

---

மாடிவாசி (குரோம்பேட்டை), மே 16, இரவு 9.40

கோபமெல்லாம் இல்லை சார். காசுக் கணக்குப் போட்டால் மே மாசம் நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தண்ணீர்க் கணக்கில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடிக்கிறோம். இரண்டு அறை ஓடினால் ராத்திரிக்கு ஒரு வாளி நிச்சயம். அதில் உப்பே கிடையாது. எங்கள் போர்த் தண்ணீர் கடும் உப்பு. பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும், இலை ஓரம் கருகும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து விட ஆரம்பித்தபின் ஓரம் கருகுவது நின்றிருக்கிறது. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், போர்த் தண்ணீரைவிட உப்பு அதில் கூடுதல்.

இன்னொன்று, சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர். மாடியில் படுத்திருக்கும் பிளாஸ்டிக் பைப் அத்தனையும் சூடாகிக் கிடக்கும். அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சூடு போனபின் செடிக்குத் திருப்புங்கள். முதல் வாளியைத் தளத்தில் ஊற்றினால் தளமும் குளிரும்.

---

கிணற்றடி (யாழ்ப்பாணம்), மே 17, காலை 8.15

வணக்கம். வாசிக்க மட்டும் வருவேன், நிழல்வலைக் கதை வந்தபடியால் எழுதுகிறேன்.

எங்களுக்கு இங்கே மாடி இல்லை, வளவு. செம்மண், கிணற்றுத் தண்ணீர். கத்தரி, மிளகாய்க் கன்றுகளுக்கு இந்த மாதத்தில் மேற்குப் பக்கமாகக் கிடுகு சாய்த்து வைப்போம். முழுக்க மூடுவதில்லை. காலை வெயில் கன்றுக்கு வேண்டும். பின்னேர வெயில்தான் கொல்லும். கிடுகுக்குள்ளால் காற்றும் போகும். வலை வாங்கக் காசு இல்லாதவர்கள் தென்னோலை கிடைத்தால் இதைச் செய்யலாம். பயற்றங்கொடிக்கு ஒன்றும் தேவையில்லை, அது வெயிலில் சிரித்துக்கொண்டு நிற்கும். இப்ப நாளாந்தம் ஒரு பிடி பயற்றங்காய் ஆய்கிறோம்.

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 17, இரவு 8.30

அருமைங்க அக்கா. இதைத்தான் நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். 75 சதவீத வெயிலைத் தடுக்கும் நிழல்வலையை ஐந்தடி உயரத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு, செடி வெளிறி நீண்டுபோச்சு என்று வருகிறார்கள். காய்கறிக்கு 35, மிஞ்சினால் 50. ஏழடிக்குக் கீழே கட்டாதீர்கள், உள்ளே புழுங்கும். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, கொடிவகை இவற்றுக்கு வலையே வேண்டாம்.

---

மாடிவாசி (குரோம்பேட்டை), மே 17, இரவு 9.05

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன் மணி சார். நிலத்தில் இருக்கும் வெண்டைக்கு வேர் கீழே போய்க் குளிர்ச்சியைத் தேடிக்கொள்ளும். பையில் இருப்பதற்கு எங்கே போக்கிடம்? வலைக்கு வெளியே வைத்த வெண்டை மதியம் ஒரு மணிக்கே துவண்டுவிடுகிறது, உள்ளே வைத்தது நிமிர்ந்து நிற்கிறது. கடல்காற்று தாமதமாக வரும் நாளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. மாடிக்காரர்களுக்கு 35 சதவீத வலை வெண்டைக்கும் நல்லது என்பேன்.

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 18, காலை 6.10

மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது நோவு இல்லை சார், செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதைப் பார்த்துப் பதறி மதியமே தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து, வேர் அழுகும். காலையிலும் துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆனாலும் பைக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. உங்கள் மாடியை உங்களுக்குத்தான் தெரியும்.

---

கணக்கு_வாத்தியார் (வேலூர்), மே 20, காலை 9.30

வாளி விஷயம் உண்மைதான், நானும் ஏசிக்கு அடியில் ஒன்று வைத்துவிட்டேன். இப்போது வேறு சிக்கல். என்னிடம் இருப்பது எங்கள் ஊர் முள்ளுக் கத்திரி. புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊரெல்லாம் விதை கேட்கிறார்கள், அது இருக்கட்டும். தையிலிருந்து நன்றாகக் காய்த்தது. இப்போது காய் சிறுத்து, தோல் தடித்து, நறுக்கினால் விதைதான். இதையாவது பிடுங்கலாமா, இதற்கும் உயிரோடு வை என்பீர்களா?

---

கீரைக்கட்டு (மதுரை), மே 20, மாலை 5.30

கத்திரிக்குக் கவாத்துதான் வாத்தியாரே. தரையிலிருந்து ஒரு அடி விட்டு, நல்ல கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் மஞ்சளும் சாணமும் குழைத்துப் பூசுங்கள். இரண்டு கை மண்புழு உரம். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் பூக்கும், ஆடியில் புதுச் செடி போட்டவர்களுக்கு முன்னால் நீங்கள் காய் பறிப்பீர்கள்.

ஆனால் இன்றைக்கு வெட்டாதீர்கள். இலை இல்லாத தண்டில் இந்த வெயில் நேராக விழுந்தால் பட்டை வெடித்துவிடும். கத்திரி வெயில் முடியட்டும், ஒரு மழை விழட்டும்.

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 20, இரவு 9.00

நான் போன வாரமே வெட்டிவிட்டேன் அம்மா, துளிர் வந்துவிட்டது. ஆனால் என்னுடையது நிலம், வாய்க்கால் பாய்கிறது. பைக்கு அம்மா சொல்வதுதான் சரி.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வெட்டின தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே துளையும் எச்சமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். அதை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். இனிமேல் நுனிக்கொழுந்து மட்டும் தனியாக வாடித் தொங்கினால் உடனே கிள்ளி நசுக்குங்கள், உள்ளே புழு இருக்கும்.

பேச்சுவாக்கில், யார் வீட்டிலாவது மயில் தொல்லைக்கு வழி இருக்கிறதா? முளைத்த தட்டைப்பயறு முழுக்க நேற்றுக் காலி. நாய் குரைக்கிறது, அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

---

மாடிவாசி (குரோம்பேட்டை), மே 20, இரவு 9.20

மயிலுக்குத் தெரியாது. இங்கே அணில். செங்காய்த் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த காய்க்குப் போகும். பசியில்லை, தாகம் என்று தோன்றியது. தொட்டி ஓரத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தபின் குறைந்திருக்கிறது. நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. மீதிக் காய்களுக்குப் பழைய கொசுவலையைப் பையாகத் தைத்து மாட்டிவிட்டேன்.

---

பச்சைமிளகாய்23 (திருச்சி), மே 24, காலை 8.00

மிளகாயில் புதுக் கொழுந்து நேராக வருகிறது! பழைய சுருண்ட இலை அப்படியேதான் இருக்கிறது, அது நிமிராதா?

---

கீரைக்கட்டு (மதுரை), மே 24, காலை 9.15

நிமிராது. பறித்தும் போடாதே, அதுவும் சோறு ஆக்கிக் கொடுக்கிற இலைதான். புதுசு பெருகினபின் தானே உதிரும். இந்த வெயிலில் வருகிற மிளகாய் எண்ணிக்கையில் குறைவு, காரத்தில் கூடுதல். சாம்பாருக்கு ரெண்டு போடுகிற இடத்தில் ஒன்று போடு.

---

மாடிவாசி (குரோம்பேட்டை), மே 31, காலை 7.00

நிலவரம். கத்திரி வெயில் முடிந்தது. நேற்று முன்தினம் ராத்திரி அரைமணி நேரம் நல்ல மழை. பையின் அடியிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது, உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நம்புகிறேன்.

சுரை: கீரைக்கட்டு அம்மா சொன்னபடி சாயங்காலம் தடவினேன். நாலு பிஞ்சில் மூன்று பிடித்தது. ஒன்று முழங்கை நீளம் வந்து, நகம் இறங்குகிற பதத்தில் நேற்றே பறித்தாகிவிட்டது. கடலைப்பருப்புப் போட்டுக் கூட்டு. மற்ற இரண்டும் பந்தலில்.

வெண்டை: ஓய்கிறது. இலையில் நரம்பு மஞ்சளாவது இரண்டு செடியில் தெரிந்தது, வெள்ளை ஈயின் வேலை, உடனே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். மற்றதில் நல்ல செடியாகப் பார்த்து செடிக்கு இரண்டு காயை விதைக்கு விட்டிருக்கிறேன்.

தக்காளி: இன்னும் காய் பிடிக்கவில்லை. பூ உதிர்வது மட்டும் குறைந்திருக்கிறது. மணி சார், நுனியைக் கிள்ளிவிடலாமா?

---

செங்காட்டு_மணி (பல்லடம் பக்கம்), மே 31, இரவு 8.20

காய்ந்த அடிக்கிளைகளை எடுத்துவிட்டு, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இப்போது பஞ்சகவ்யா கொடுக்கலாம், லிட்டருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. புதுக்கிளையில் பூ வந்ததும் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், மகரந்தம் உதிரும். அப்படியும் உங்கள் ஊர் ராத்திரி ஜூனில் சட்டென்று இறங்காது. அதனால் ஆனி நடுவில் ஒரு குழித்தட்டில் புது நாற்றும் விட்டுவிடுங்கள். பழைய செடி ஏமாற்றினாலும் ஆடிப்பட்டத்துக்குக் கையில் நாற்று இருக்கும்.

---

கணக்கு_வாத்தியார் (வேலூர்), ஜூன் 1, காலை 6.45

இங்கேயும் மழை. கத்திரி எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன், பிளந்து பார்த்ததில் பாதியில் துளை. எரித்தாகிவிட்டது. மாடிவாசி, அந்த வெண்டை விதை காய்ந்ததும் எனக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். பதிலுக்கு முள்ளுக் கத்திரி விதை அனுப்புகிறேன். தபால் செலவை யார் ஏற்பது என்று தனிச்செய்தியில் பேசிக்கொள்ளலாம்.